உலக நீதிமன்றங்கள் காலநிலை பற்றிச் சொன்னது நம் ஊர் வரை வருமா?

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு மாதத்துக்குள் நான்கு சர்வதேச நீதிமன்றங்கள் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசியிருக்கின்றன. 2024 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். அடுத்த மாதமே ஹாம்பர்க்கில் கடல் சட்டத் தீர்ப்பாயம். 2025 ஜூலை தொடக்கத்தில் கோஸ்டா ரிகாவில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம். அதே ஜூலை 23 அன்று ஹேக்கில் சர்வதேச நீதிமன்றம். தமிழில் என் கண்ணில் பட்டதெல்லாம் நாலு வரிச் செய்திதான். அதனால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சுவிஸ் வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 2016-இல் அங்கே வயதான பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். பிற்பாடு உறுப்பினர்கள் 2,000-ஐத் தாண்டினார்கள்; சராசரி வயது 73. அவர்கள் வாதம் எளிமையானது. வெப்ப அலை வந்தால் அதிகம் சாவது முதியவர்கள், அதிலும் பெண்கள். பூமியைச் சூடாக்கும் வாயு உமிழ்வைக் குறைக்க அரசு செய்ய வேண்டியதைச் செய்யாததால் எங்கள் உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து என்றார்கள். முதலில் அமைச்சகத்துக்கு மனுப் போட்டார்கள், ஏற்கவில்லை. 2018-இல் நிர்வாக நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. அது சொன்ன காரணங்களில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது: உலக வெப்பம் வரம்பைத் தாண்ட இன்னும் காலம் இருக்கிறது, அதற்குள் தடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, எனவே இப்போதைக்கு உங்கள் உரிமை போதிய அளவு பாதிக்கப்படவில்லை என்றார்கள். எண்பதைத் தொட்டவர்களிடம் சொன்ன பதில் இது. சங்கத்தோடு சேர்ந்து தனியாகவும் மனுப் போட்ட நான்கு பெண்களில் ஒருவர், வழக்கு முடியும் முன்பே காலமாகிவிட்டார்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் 17 நீதிபதிகள் அமர்ந்த பேரமர்வு, 2024 ஏப்ரல் 9 அன்று 16-க்கு 1 என்ற கணக்கில் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தில் தனிவாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் பாதுகாப்புத் தரும் 8-ஆவது பிரிவை சுவிஸ் அரசு மீறியிருக்கிறது. மிச்சம் எவ்வளவு வாயுவை வெளியிடலாம் என்று நாட்டுக்கு ஒரு வரம்பைக் கணக்கிட்டு வைக்கவில்லை. 2020-க்குள் 20% குறைப்போம் என்று தானே போட்ட இலக்கையும் எட்டவில்லை. உள்நாட்டு நீதிமன்றங்கள் சங்கத்தின் வாதத்தைச் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்று, நீதிமன்றத்தை அணுகும் உரிமை தரும் 6-ஆவது பிரிவையும் மீறியதாகச் சேர்த்தார்கள். இதில் 17 பேரும் ஒருமனம்.

ஹேக் விஷயம் தொடங்கிய இடம் பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு. 2019-இல் அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், உலக நீதிமன்றத்திடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பினார்கள். அவர்கள் நாடு 2015-இல் ஒரே ஒரு புயலில் ஓராண்டு உற்பத்தியில் ஏறக்குறைய 64% இழந்த நாடு. மாணவர்கள் அரசைப் பிடித்தார்கள், அரசு மற்ற நாடுகளைப் பிடித்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை, காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று ஹேக் நீதிமன்றத்திடம் கேட்க எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் போட்டது. 2024 டிசம்பரில் இரண்டு வாரம் வாதம். 96 நாடுகள் வந்து பேசின. பதிலாக வந்தது கருத்துரை, அதாவது கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் தரும் சட்ட விளக்கம். அது ஒருமனதானது.

இந்தத் தீர்ப்புகள் முக்கியமானவை என்று நான் நினைக்கிறேன். ஆனால் பலன் ஹேக்கில் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வக்கீல் இதை எடுத்துத் தன் நாட்டு நீதிபதி முன்னால் வைக்கும்போதுதான் கிடைக்கும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மணிக்கூண்டு

நல்ல பதிவு, ஐயா. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

ஹேக் நீதிமன்றத்திடம் போலீஸ் கிடையாது, ஜப்தி செய்ய அமீனா கிடையாது. அவர்கள் கொடுத்ததும் கருத்துரைதான், தீர்ப்புகூட இல்லை. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தை விட்டு விலகும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உலகத்திலேயே இதுவரை அதிகம் வாயு வெளியிட்ட நாடு அது. அவர்களை யார் கேட்பது? சின்ன நாடு பேசும், பெரிய நாடு எழுந்து போய்விடும்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அதே ஏப்ரல் 9 அன்று போர்ச்சுகல் இளைஞர்கள் ஆறு பேர் போட்ட வழக்கை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்களில் பெரும்பாலோர் 2017 காட்டுத்தீயில் அத்தனை பேர் செத்த பகுதியிலிருந்து வந்த பிள்ளைகள். அதை நீங்கள் எழுதவே இல்லையே?

சட்டமேசை

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சில விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் விவாதம் தெளிவாகும். சென்னையில் வழக்கறிஞராக இருக்கிறேன். சுற்றுச்சூழல் வழக்குகள் ஓரளவு பார்த்திருக்கிறேன்.

போர்ச்சுகல் வழக்கு. அந்த ஆறு பேரும் தங்கள் நாட்டு நீதிமன்றத்துக்குப் போகாமல் நேராக ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போனார்கள். எதிர்த்தரப்பு தங்கள் நாடு மட்டும் இல்லை, மற்ற 32 நாடுகளும். லிஸ்பனில் வாழ்பவரின் உரிமைக்கு நார்வே எப்படிப் பொறுப்பு என்ற கேள்வி வந்தது. வாயு எல்லை தாண்டுகிறது என்பதற்காக ஒரு நாட்டின் அதிகார எல்லையை உலகம் முழுவதும் நீட்ட முடியாது என்றது நீதிமன்றம். அறிவியல் ரீதியாக அந்தப் பிள்ளைகள் பக்கம்தான் நியாயம். சட்டம் அங்கே வரை போகவில்லை. அன்றைக்கே மூன்றாவதாக பிரான்சு வழக்கு ஒன்றும் விழுந்தது. கடலோர ஊர் ஒன்றின் முன்னாள் மேயர் போட்டது. அவர் அந்த ஊரை விட்டு பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபோய்விட்டார் என்பதால் பாதிக்கப்பட்டவர் என்ற தகுதி இல்லாமல் போனது.

இன்னும் நுணுக்கமான ஒன்று சுவிஸ் வழக்குக்குள்ளேயே இருக்கிறது. ஜெயித்தது சங்கம் மட்டும். அந்த நான்கு பெண்களும் தனிமனிதர்களாகத் தோற்றார்கள். ஒருவருக்கு ஆஸ்துமா, மருத்துவச் சான்றிதழோடுதான் போனார்கள். ஆனாலும், தனிமனிதர் வர வேண்டுமென்றால் மிகக் கடுமையான பாதிப்பையும், அவசரமாகப் பாதுகாப்புத் தேவை என்பதையும் இரண்டையுமே காட்ட வேண்டும் என்று கதவைக் குறுக்கிவிட்டார்கள். முறையாகப் பதிவான, இந்த நோக்கத்துக்காகவே இயங்குகிற சங்கத்துக்குக் கதவைத் திறந்தார்கள். இனி ஐரோப்பாவில் இந்த வழக்கைப் போட நினைப்பவர்கள் முதலில் சங்கம் வைப்பார்கள்.

இப்போது மணிக்கூண்டு கேட்டது. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். ஹேக் கருத்துரை யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது, அது உண்மை. ஆனால் கருத்துரை என்ன செய்கிறது? ஏற்கெனவே இருக்கிற சட்டம் என்ன என்று சொல்கிறது. அந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். பெரிய நாடுகள் பலவும் அங்கே வந்து வைத்த வாதம் இது: காலநிலைக்கென்று தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன, அதற்கு வெளியே வேறு கடமை எதையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அண்டை நாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் பெரும் தீங்கு விளைவிக்கக் கூடாது என்ற வழக்காற்றுச் சட்டம் (ஒப்பந்தமாக எழுதாவிட்டாலும் நாடுகள் சட்டமாக ஏற்று நடப்பது) எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்றது. பாரிஸ் ஒப்பந்தத்தில் இருந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி. அதனால் கையெழுத்தை வாபஸ் வாங்கினால் கடமை கழிந்துவிடாது. அதை அமல்படுத்துவது எப்படி என்பது வேறு கேள்வி. அதில் நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை.

ஆரேக்கரை

நான் சுவிஸ் தலைநகர் பேர்ணில் இருக்கிறேன், வந்து கனகாலம். இந்த வழக்கைப் பற்றித் தமிழ் ஆட்கள் இங்கே அதிகம் கதைப்பதில்லை. ஆனால் எனக்கு அது தூரத்து விஷயம் இல்லை, ஏனென்றால் என் வேலை முதியோர் இல்லத்தில்.

யூலையில் வெப்பம் ஏறினால் எங்கள் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை வெயில் சுவரில் படுமுன் யன்னல் மறைப்புகள் எல்லாவற்றையும் இறக்கிவிடுவோம். அறைகளில் குளிரூட்டி இல்லை. இந்தக் கட்டடங்கள் குளிரைத் தடுக்கக் கட்டியவை, உள்ளே போன வெப்பம் இரவிலும் வெளியே போகாது. ஒவ்வொருவர் அறையிலும் ஒரு தாள் இருக்கும், எத்தனை குவளை தண்ணீர் குடித்தார் என்று எழுதவேண்டும். அந்த வயதில் தாகம் உறைக்காது. சிறுநீர் போக மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் உப்புக் குறைந்து தலை சுற்றும், எழும்பும்போது விழுந்துவிடுவார்கள். மத்தியானத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர் பின்னேரம் பெயர் கேட்டாலே குழம்புவார். ஈரத்துணியைக் கழுத்தில் வைத்து, காலைத் தண்ணீரில் விட்டு உட்காரவைப்போம். இது வெறும் அசௌகரியம் என்று சொல்பவர்கள் ஒரு நாள் எங்களோடு வந்து வேலை செய்தால் தெரியும்.

தீர்ப்பு வந்த பிறகு இங்கே நடந்ததையும் சொல்லவேண்டும். 2024 யூனில் பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளும், நாங்கள் ஏற்கெனவே போதுமானதைச் செய்கிறோம், இந்தத் தீர்ப்புக்காக மேலதிகமாக ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று பிரகடனம் நிறைவேற்றின. ஓகஸ்ட்டில் அரசும் ஏறக்குறைய அதையே சொன்னது. மனித உரிமைக்கு உலகத்துக்கே பாடம் எடுக்கிற நாடு என்று நம்பி வந்த எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது வலித்தது. யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் பெயரை எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. நாடுகடத்தலுக்கு எதிரான கடைசிக் கதவு அது. அந்தக் கதவில் வரும் தீர்ப்பை இந்த நாடு வேண்டியபோது எடுத்து வேண்டாதபோது விடலாம் என்றால், நாளைக்கு எங்கள் கோப்புக்கு என்ன மதிப்பு?

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று பார்ப்பது ஐரோப்பிய மன்றத்தின் அமைச்சர் குழு. 2025 மார்ச்சில் அவர்கள் கோப்பை மூடவில்லை. இன்னும் விபரம் வேண்டும் என்று கேட்டார்கள்.

மணிக்கூண்டு

ஆரேக்கரை, நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு அந்தப் பெண்கள் மேல் மதிப்புக் கூடியது. என் கேள்வி அவர்கள் மேல் இல்லை.

சுவிட்சர்லாந்தில் மக்களே ஓட்டுப்போட்டுச் சட்டம் செய்கிறார்கள். 2021 ஜூனில் கார்பன் சட்டத்தை மக்கள் வேண்டாம் என்றார்கள். பெட்ரோல் விலை ஏறும் என்ற பயம் அவர்களுக்கு. அது தப்பான முடிவாகவே இருக்கட்டும். அது அவர்கள் எடுத்த முடிவு. வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் 17 பேர் அதை மாற்றலாமா? இன்றைக்கு நமக்குப் பிடித்த விஷயத்தில் நீதிபதி வந்தால் கைதட்டுகிறோம். நாளைக்குப் பிடிக்காத விஷயத்தில் வந்தால்?

ஆரேக்கரை

2021-இல் மயிரிழையில்தான் தோற்றது, எதிர்த்தவர்கள் 51.6%. அதே மக்கள் 2023 யூனில் 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்கும் சட்டத்துக்கு 59% ஆதரவு கொடுத்தார்கள். மக்கள் காலநிலைக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காசு யார் கட்டுவது என்பதில்தான் சண்டை. கிராமத்தில் கார் இல்லாமல் வேலைக்குப் போகமுடியாதவர் ஒருபக்கம், நகரத்தில் ட்ராமில் போகிறவர் மறுபக்கம்.

சட்டமேசை

மணிக்கூண்டின் கேள்வி இந்த வழக்கின் மிகக் கனமான கேள்வி. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி, பிரிட்டனைச் சேர்ந்த டிம் ஐக், சொன்னதும் இந்தப் பக்கம்தான். ஒப்பந்தத்தில் இல்லாத உரிமையைப் பெரும்பான்மை நீதிபதிகள் உருவாக்கிவிட்டார்கள், நாடுகள் இனி வேலையைப் பார்ப்பதை விட்டு வழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று அவர் கவலைப்பட்டார். இதை லேசாக ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் தீர்ப்பு உண்மையில் எதைச் செய்தது என்று பாருங்கள். கார் வரியைப் போடு என்று சொல்லவில்லை. எந்த ஆலையையும் மூடச் சொல்லவில்லை. எந்த வழியில் குறைப்பது என்பதை நாட்டின் கையில் முழுசாக விட்டது. கேட்டது என்னவென்றால் கணக்கு: இலக்கு எது, இடைக்கால இலக்கு எது, மிச்சம் எவ்வளவு, அதை எட்டுகிறாயா. பெரும்பான்மை ஓட்டு மட்டுமே ஜனநாயகம் ஆகிவிடாது, சட்டத்தின் ஆட்சியும் சேர்ந்ததுதான் ஜனநாயகம் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். 2050-இல் உயிரோடு இருக்கப்போகும் குழந்தைக்கு இன்று ஓட்டு இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். தென் கொரியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான் அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி செல்லாது என்றது. 2030 வரை இலக்கு வைத்துவிட்டு 2031-லிருந்து 2049 வரை ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தார்கள். பாரத்தை அடுத்த தலைமுறை மேல் தள்ளுகிறாய் என்றது நீதிமன்றம்.

நெய்தல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஐரோப்பாவைப் பற்றியே பேசுகிறோம். இந்தியா ஹேக்கில் என்ன சொன்னது? அது நமக்கு நல்லதா?

பாலாற்றங்கரை

2024 டிசம்பர் 5 அன்று இந்தியா வாதிட்டது. உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் நம்மிடம். இதுவரை சேர்ந்த வாயுவில் நம் பங்கு மிகக் குறைவு. இந்த நிலையை உண்டாக்கிய பணக்கார நாடுகள்தான் முன்னால் போக வேண்டும். இருக்கிற ஒப்பந்தங்களுக்கு மேல் புதுக் கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது. முதல் மூன்றும் என் மனசுக்குச் சரி. ஒரு இந்தியர் சராசரியாக வெளியிடுவது ஒரு அமெரிக்கர் வெளியிடுவதில் ஏழில் ஒரு பங்குதான். நான்காவது வாதத்தில் மட்டும் நாம் அமெரிக்காவுக்கும் சவூதிக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். வனுவாட்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நாடு இது. வெயிலில் கட்டட வேலை பார்ப்பவரும் கடலோரத்தில் குடிசை போட்டவரும் அதிகமாக இருக்கிற நாடு இது.

சட்டமேசை

அந்த நியாயத்தை ஹேக் மறுக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான பொறுப்பு, ஆனால் வசதிக்கும் வரலாற்றுப் பங்குக்கும் தக்கபடி வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கையைக் கருத்துரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எவ்வளவு கவனத்தோடு நடக்க வேண்டும் என்ற அளவுகோல் அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் ஒன்றாக இருக்காது. அதே சமயம், வளரும் நாடு என்று சொல்லிவிட்டால் எந்தக் கேள்வியும் இல்லை என்ற நிலையும் கிடையாது.

நம் உச்ச நீதிமன்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச் 21 அன்று ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை சமத்துவத்தையும் உயிர்வாழும் உரிமையையும் தரும் அரசியலமைப்பின் 14, 21-ஆவது பிரிவுகளுக்குள் இருக்கிறது என்று முதல்முறையாகச் சொன்னார்கள். அந்த வழக்கின் பின்னணி எனக்கு நெருடல். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மிஞ்சியிருக்கும் கானமயில் பறவைகள் மின்கம்பியில் மோதிச் சாகின்றன என்று 2021-இல் சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டை, சூரிய மின்சாரத்துக்காகத் தளர்த்திய தீர்ப்பு அது. புதிய உரிமை பிறந்த இடத்திலேயே ஒரு பறவைக்குக் கொடுத்த பாதுகாப்பு குறைந்தது. எதிர்காலத்தில் இந்த உரிமையை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை நாம் கண்விழித்துப் பார்க்க வேண்டும்.

குளக்கட்டு

வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். இதுவரை யாரும் சொல்லாத பெயர் ஒன்று: கிறிஸ்டோபர் வீரமந்திரி. இலங்கையர், ஹேக் நீதிமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர். 1997-இல் டான்யூப் ஆற்று அணைக்கட்டு பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடந்த வழக்கில் அவர் தனியாக எழுதிய கருத்தைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். நீடித்த வளர்ச்சி என்பது வெறும் கொள்கை இல்லை, சட்டத்தில் இடமுள்ள கோட்பாடு என்று அவர் வாதிட்டார். அதற்குச் சான்றாக இலங்கையின் பழைய குளங்களையும் நீர்ப்பாசன முறையையும் எடுத்து விரிவாக எழுதினார். எங்கள் பக்கத்துக் குளக்கட்டு ஒரு சர்வதேச வழக்கில் சான்றாக நின்றது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அப்போது அது தனி நீதிபதி ஒருவரின் குரல். 2025-இல் அதே நீதிமன்றம் ஒருமனதாக, தூய்மையான, ஆரோக்கியமான, நிலைத்த சுற்றுச்சூழலுக்கான உரிமை இல்லாமல் மற்ற மனித உரிமைகளை அனுபவிக்கவே முடியாது என்கிறது. இடையில் 28 ஆண்டுகள்.

கடலோரத்தவருக்கு இன்னொன்று. தீவு முழுக்கக் கடலுக்குள் போனாலும் அந்த நாடு நாடாக இல்லாமல் போய்விட வேண்டும் என்று அவசியமில்லை என்றும் கருத்துரை சொல்கிறது. ஒருமுறை முறைப்படி குறித்த கடல் எல்லைகளைக் கரை பின்வாங்கியதற்காக மாற்றி வரையத் தேவையில்லை என்றும் சொல்கிறது. மாலைதீவுக்கும் துவாலுவுக்கும் இது வாழ்வா சாவா விஷயம்.

மணிக்கூண்டு

சரி. 28 ஆண்டுகள் ஆயிற்று என்று நீங்களே சொல்கிறீர்கள். என் சந்தேகம் இன்னும் அங்கேயே நிற்கிறது. ஒரு தனிமனிதனுக்கு இதனால் ஒரு ரூபாய் இழப்பீடு எங்காவது கிடைத்ததா?

சட்டமேசை

நேர்மையாகப் பதில் சொன்னால், நாடுகளுக்கிடையே இன்னும் இல்லை. இழப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது என்று ஹேக் சொல்லிவிட்டது. ஆனால் இந்த நாட்டின் செயலால் இந்தச் சேதம் என்று போதிய நேரடியான, உறுதியான தொடர்பைக் காட்ட வேண்டும்.

கம்பெனிகள் மேல் போட்ட வழக்கில் பெரு நாட்டு விவசாயி ஒருவரின் கதை முக்கியம். அவர் ஊர் ஹுவாராஸ். மேலே மலையில் பனிப்பாறை உருகி ஏரி பெருகிக்கொண்டிருக்கிறது. உடைத்துக்கொண்டால் அவர் வீடு போய்விடும். 2015-இல் அவர் ஜெர்மனியின் பெரிய மின் கம்பெனியான ஆர்.டபிள்யூ.ஈ. மேல் வழக்குப் போட்டார். உலகத் தொழிற்சாலை உமிழ்வில் உங்கள் பங்கு 0.47%, எனவே தடுப்பு வேலைச் செலவில் அந்தப் பங்கைக் கொடுங்கள் என்பது கோரிக்கை. 2022-இல் ஜெர்மன் நீதிபதிகள் ஆண்டிஸ் மலைக்கே போய் ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28 அன்று ஹாம் நகர நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடுத்த 30 ஆண்டில் அவர் வீட்டுக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு சுமார் 1% தான் என்று. ஆனால் கொள்கை அளவில், வெகுதூரத்தில் இருக்கும் கம்பெனியும் இப்படிப்பட்ட சேதத்துக்குப் பொறுப்பாக முடியும் என்று அதே தீர்ப்பில் எழுதியது. அவருக்குப் பணம் வரவில்லை. அடுத்து வருபவருக்கு முதல் படி கட்டியிருக்கிறது.

பாலாற்றங்கரை

மணிக்கூண்டு கேட்டதற்கு எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பாலாற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியது. கிணற்றில் தண்ணீர் இறைத்தால் நிறம் மாறியிருக்கும். வெறும் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். தென்னை மரம் குரும்பையிலேயே உதிர்க்கும். குடிக்கத் தண்ணீர் வண்டியில்தான் வர வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. அதில்தான் தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டம் ஆயின. அந்த இரண்டும் எங்கிருந்து வந்தன? 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நாடுகள் கூடிப் போட்ட பிரகடனத்தில் இருப்பவை. அந்தப் பிரகடனம் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. அதற்கும் போலீஸ் கிடையாது, அமீனா கிடையாது. நான்கு வருஷத்தில் அது டெல்லி வழியாக ஆம்பூருக்கு வந்து சேர்ந்தது. வழக்காற்றுச் சர்வதேசச் சட்டம் நம் சட்டத்தோடு முரண்படாவிட்டால் நம் சட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். தீர்ப்பை ஒட்டி அமைந்த ஆணையம் கணக்கெடுத்து, பல ஆயிரம் குடும்பங்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது. ஆக, ரூபாய் கிடைத்ததா என்றால் கிடைத்தது.

மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. தரவேண்டிய இழப்பீடு எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை, ஆறும் சுத்தமாகவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றமே மறுபடி அதே வேலூர் விவகாரத்தில் உத்தரவு போட வேண்டியிருந்தது: பாக்கி இழப்பீட்டைக் கொடுங்கள், கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள். 1996-இல் பிறந்த குழந்தைக்கு இப்போது குழந்தை இருக்கும். போலீஸும் அமீனாவும் கைவசம் இருக்கிற நம் சொந்த உச்ச நீதிமன்றத்தின் கதியே இது. அதனால் அமல் இல்லை என்பதற்காக ஹேக்கை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் கலெக்டர் ஆபீஸில் தயவு கேட்டுத்தான் நின்றிருப்பார்கள். தீர்ப்பு இருப்பதால் பாக்கி கேட்டு நிற்கிறார்கள்.

மணிக்கூண்டு

ரியோவிலிருந்து ஆம்பூர் வந்த வழி எனக்குப் புதிது. இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனால் 29 வருஷம் என்பதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வாயு விஷயத்தில் அவ்வளவு காலம் நம்மிடம் கிடையாது.

நெய்தல்

அப்படியானால் நேரடியாகவே கேட்கிறேன். எங்கள் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வரும் என்கிறார்கள். நாங்கள் எப்போதும் நிலம், வேலை, இழப்பீடு, நிலத்தடி நீர் என்றுதான் பேசுவோம். ஹேக் சொன்னதை அங்கே பேச முடியுமா? கலெக்டர் சிரிக்க மாட்டாரா?

சட்டமேசை

முடியும், எழுத்தில் கொடுங்கள். நிலம், நீர் எதையும் விடாதீர்கள். அதுதான் உங்கள் பலம். அதோடு இதைச் சேருங்கள்.

ஹேக் கருத்துரையின் 427-ஆவது பத்தி: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எடுப்பது, பயன்படுத்துவது, தேட உரிமம் கொடுப்பது, மானியம் கொடுப்பது இவற்றின் வழியாக ஒரு நாடு காலநிலையைக் காக்கத் தவறினால், அது சர்வதேசச் சட்டப்படி தவறான செயலாகலாம். அதற்குத் துணையாக நம் ரஞ்சித்சிங் தீர்ப்பு, அதில் 21-ஆவது பிரிவு. சர்வதேசக் கொள்கை நம் நீதிமன்றத்தில் எப்படிச் செல்லும் என்பதற்கு 1996 வேலூர் தீர்ப்பு. மூன்றும் சேர்ந்தால் ஒரு பக்கம்தான் வரும்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். எடுக்கிற கரியை எரிக்கும்போது வெளிவரும் வாயு எவ்வளவு என்று சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் கணக்கு இருக்கிறதா? சுரங்கத்தில் ஓடும் லாரி, இயந்திரத்தின் கணக்கை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நார்வே எண்ணெய்க் கிணறுகள் வழக்கில் 2025 அக்டோபர் 28 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், நார்வே உரிமையை மீறவில்லை என்றுதான் முடித்தது. ஆனால் எரிக்கும்போது வரும் வாயுவையும் அனுமதிக்கு முன்பே மதிப்பிட்டாக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்ட உதவும்.

யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். உங்கள் கேள்வியும் அவர்கள் பதிலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும், அதில் உறுதியாக நில்லுங்கள். கூட்டம் முடிகிற இடத்திலேயே குறிப்பை வாசித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீடியோவும் எடுத்தாக வேண்டும். மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி வந்துவிட்டால் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை கொடுப்பார்கள், அதற்கு மேல் கிடையாது.